பார்வையாளர் எண்ணிக்கை

மூலகுளத்தில் டயர் கடைக்கு மேல் மாடியில்
எங்கள் அலுவலகம்.
கடலூர் மாவட்டத்தைவிட ஆள் குறைந்த
ஏதோவொரு குளிர்நாட்டுக்கு
நாங்கள் ஏழு பேர் கணக்குப்பிள்ளைகள்.
அந்நாட்டுக் கலைஞர் யார், எந்த ஊருக்குப் போனார்,
எதை வாசித்தார், எதை மாட்டினார்,
எத்தனை பேர் வந்தார்கள்.
வெளிநாட்டில் அவர்கள் இருமினால்கூட
இங்கே ஒரு வரிசை கூடும்.

அந்த நாட்டை நான் பார்த்ததில்லை.
பார்த்தவளைப் போலப் பேசுவேன்.
லீமாவில் பொம்மலாட்டம், மூன்று நாள்.
ஒசாகாவில் ஊதிச் செய்த கண்ணாடிக் கிண்ணங்கள்.
நைரோபியில் ஒரு கவிஞர்,
தொண்டை கட்டியதால் ரத்து.
ரத்துக்கும் ஒரு கட்டம் உண்டு.

ஒரே பாடகி நாலு எழுத்துக்கூட்டலில்
நாலு பெண்களாய் அலைவாள்.
'இணை' என்று ஒரு பொத்தான்.
அழுத்துமுன் பிறந்த தேதியைப் பார்க்கணும்.
ஒருமுறை பார்க்காமல்
அத்தையையும் மருமகளையும் ஒருத்தியாக்கிவிட்டேன்,
பிரித்தெடுக்க இரண்டு நாள் ஆனது.
செத்தவர்களை நீக்கக் கூடாது.
ஓவியர் ஒருவர் போய்ப் பதினெட்டு வருஷம்,
போன மாதம்கூட
மெக்சிகோ போய்வந்தார்.

கார்த்திகை முதல் வாரம் ஒரு வரிசை வந்தது.
ஊர் என்ற கட்டத்தில் புதுச்சேரி.
நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.
"என்னடி, பாம்பா?" என்றாள் பிலோமின்.

முத்தியால்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட அரங்கம்.
அன்றைக்குப் பார்த்து ஆரஞ்சு எச்சரிக்கை,
இந்திரா காந்தி சதுக்கத்தில் முழங்கால் தண்ணீர்.
அணைந்த ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போனால்
இருநூறு நாற்காலி, அதில் பாதிக்கு மேல்
இன்னும் அடுக்கு பிரிக்கவில்லை.
மடியில் கிடத்தி மீட்டும் கம்பி வாத்தியம்.
அந்த அம்மாள் ஈரக் காலுறையைப்
பெட்டிமேல் காயப்போட்டுவிட்டு
கண்ணை மூடி ஆரம்பித்தார்.
கரண்ட் போனது. நிறுத்தவில்லை.
தகரக் கூரைமேல் மழை, அதன் கீழே இவர்,
யார் யாருக்குப் பக்கவாத்தியம் என்றே தெரியாமல்.

நான் தலைகளை எண்ணினேன். தொழில் புத்தி.
வாட்ச்மேனோடு பதினொன்று.
ஒதுங்க வந்த நாயைச் சேர்க்கவில்லை,
கடைசிவரை அசையாமல் இருந்தது அதுதான் என்றாலும்.

முடிந்ததும் கேட்டார்,
உங்கள் ஊர்க் கலைஞர்கள் வெளிநாடு போவதுண்டா?
எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்:
எங்கள் தெருக் கன்னியப்பன்,
ரீயூனியன் தீவில் காவடிக்குத் தவில் அடிக்க
ஏழு வருஷமாய்ப் போகிறார்.
விசாவில் சமையல்காரர்.
அந்த அம்மாள் சிரித்தார்,
சட்டென்று நிறுத்தினார்.
அதை யார் பதிவு செய்கிறார்கள், என்றார்.
காலுறையைப் பிழிந்து கையில் கொடுத்தேன்,
வேறென்ன சொல்ல?

எங்களிடம் ஒரு சோதனைத் தளம் உண்டு,
பொய்த் தகவல் போட்டுப் பழக.
வெள்ளி ராத்திரி துடைத்துவிடுவார்கள்.
இப்போதெல்லாம் திங்கட்கிழமை முதல் வேலையாக
அடிக்கிறேன்:
பெயர், கன்னியப்பன். கலை, தவில்.
நிலை, செயலில்.
பார்வையாளர், நாலாயிரம்.
(நாலாயிரம் நான் எண்ணியதல்ல, அவர் சொன்னது.
கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.)

வியாழனன்று குளிர்நாட்டிலிருந்து ஒரு கேள்வி:
'புதுச்சேரி, பார்வையாளர் 11.
பூஜ்ஜியம் ஒன்று விட்டுப்போயிற்றா?
சரிபார்க்கவும்.'

சரிபார்த்தாயிற்று, என்று அடித்தேன்.
குறிப்பு என்ற கட்டம் காலியாகக் கிடந்தது.
மழை, என்று போட்டேன்.